படத்தின் முகவரி

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே, "மேம், அப்லோட் ஆகுற படத்தையெல்லாம் எஸ்3-ல போட்டுடலாம்ல?" என்பார்கள். கேட்பதுபோல் இருந்தாலும் அது முடிவைச் சொல்வதுதான். வாடிக்கையாளர் தன் வலைத்தளத்தில் ஏற்றும் படம் அந்தத் தளம் ஓடும் சர்வரில் இருக்கக் கூடாது, வெளியே ஒரு கிளவுட் கம்பெனியின் கிடங்கில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கேள்விக்கு இடமில்லாத விஷயம். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். "போடலாம். முகவரி யார் பேர்ல இருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குத்தான் சட்டென்று பதில் வராது. வட்டு கெட்டுப்போய் அழிந்த படங்களைவிட, முகவரி அடுத்தவர் கையில் இருந்ததால் காணாமல்போன படங்களே வலையில் அதிகம் என்பது என் எண்ணம். அந்தக் கதை முப்பது வருடக் கதை. பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. சிறுபகுதி எங்கள் கண்ணெதிரே, மயிலாப்பூரில்.

1993 பிப்ரவரி 25 அன்று, இலினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், வலையை வளர்த்துக்கொண்டிருந்த சின்னக் கூட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பக்கத்துக்குள் படம் காட்ட ஒரு புதுக் குறி வேண்டும், அதற்கு 'இமேஜ்' என்பதைச் சுருக்கிப் பெயர் வைக்கலாம், அதில் படத்தின் முகவரி இருந்தால் போதும் என்றார். உதாரணமாக அவர் எழுதிக் காட்டிய வரியிலேயே ஒரு கணினியின் பெயரோடு முழு முகவரி இருந்தது. மற்றவர்கள் வேறு வழிகளையும் சொல்லிப் பார்த்தார்கள். பேச்சு ஒரு முடிவுக்கு வருவதற்குள் மொசைக்கில் அந்தக் குறி வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேர்டு கோப்பில் படத்தை ஒட்டினால் படம் கோப்புக்குள்ளேயே போய்விடும். வலைப்பக்கத்தில் அப்படி இல்லை. பக்கத்தில் இருப்பது முகவரி மட்டும். அந்த முகவரி எந்த ஊர்க் கணினியையும் காட்டலாம். அந்தக் கணினிக்கு யார் கரண்ட் பில் கட்டுகிறார், நாளைக்கு அவர் கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தக் குறிக்குத் தெரியாது. கிளவுட் என்ற சொல்லை யாரும் கேள்விப்படாத காலத்திலேயே, படத்தை வெளியே வைக்கலாம் என்ற அனுமதி வலையின் அடித்தளத்தில் எழுதப்பட்டுவிட்டது.

நான் வேலைக்கு வந்தது 1990-களின் கடைசியில். இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15-இல். மாணவர்கள் வாங்க முடிந்த மலிவான ஷெல் கணக்கில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் வராது. படம் வரும் இணைப்பு கைக்கு வந்தபோது, தமிழ்த் தளம் செய்பவர்களுக்குப் படம் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. தலைப்பே படம்தான். யூனிகோடு இன்னும் பரவவில்லை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை முன்வைத்தது. இணையத்தில் ஏற்கெனவே டிஸ்கி புழக்கத்தில் இருந்தது. வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள்தான். அதனால் தலைப்பு, பெயர்ப் பலகை, மெனு எல்லாவற்றையும் ஃபோட்டோஷாப்பில் எழுதி, ஜிஃப் படமாக்கி, எஃப்டிபி வழியாக ஏற்றுவோம். ஒரு இதழுக்கு 40 கட்டுரை என்றால் 40 தலைப்புப் படம். அப்படி வந்த இதழ்களில் பலவற்றைப் பழைய பிரதிகளாக இன்று திறந்தால், கட்டுரை இருக்கிறது, தலைப்பு இருந்த இடத்தில் உடைந்த பட அடையாளம் இருக்கிறது. என்ன தலைப்பு என்று கட்டுரையைப் படித்துத்தான் ஊகிக்க வேண்டும்.

தளமே அப்போதும் இங்கே இல்லை. சென்னையில் உட்கார்ந்து செய்த சின்னத் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் ஏதாவதொரு ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில்தான் ஓடின. அங்கே மலிவு. ஆகவே எங்கள் பொருள் வெளியே போனது கிளவுட் வந்த பிறகு என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கமும் படமும் ஒரே சர்வரில், ஒரே பெயரின் கீழ் இருந்தன. தளத்தை வேறு கம்பெனிக்கு மாற்றினால் இரண்டையும் சேர்த்து மூட்டை கட்டிவிடலாம். பக்கம் ஓரிடம், படம் வேறிடம் என்று பிரிந்தது பிறகு.

பிரிந்ததற்கு முதல் காரணம் பேண்ட்வித். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று ஹோஸ்டிங் கம்பெனி அளந்துதான் கொடுக்கும். எழுத்து அதில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் தின்பது படம். அதனால் அடுத்தவர் சர்வரில் இருக்கும் படத்தின் முகவரியை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியது. பார்ப்பவர் என் பக்கத்துக்கு வருகிறார், பில் உங்களுக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர்கள் அப்பாச்சி சர்வரில் நாலு வரி எழுதி, வேறு தளத்திலிருந்து கேட்டால் வேறு படம் போகும்படி செய்தார்கள். என்ன படம் அனுப்புவது என்பது அவரவர் கோபத்தைப் பொறுத்தது. சிலர் அனுப்பியதை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது காரணம் ஈபே. ஆரம்ப வருடங்களில் அங்கே பொருள் விற்பவர் படத்தை வேறெங்காவது வைத்து, முகவரியை மட்டும் விளம்பரத்தில் எழுத வேண்டும். இந்தத் தேவையும் மைஸ்பேஸ் போன்ற தளங்களின் தேவையும் சேர்ந்து, படம் வைப்பதற்கென்றே கம்பெனிகளை வளர்த்தன. ஃபோட்டோபக்கெட்டும் இமேஜ்ஷாக்கும் 2003-இல் தொடங்கின. இலவசம்தான், செலவுக்கு விளம்பரம். ஆனால் படம் அடுத்தவர் பக்கத்தில் தெரியும்போது விளம்பரத்தை எங்கே காட்டுவது? அந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு அது. 2007 ஏப்ரலில் ஃபோட்டோபக்கெட் வீடியோக்களை மைஸ்பேஸ் விளம்பரத் தகராறில் தடுத்து வைத்தது. அடுத்த மாதமே மைஸ்பேஸின் முதலாளியான ஃபாக்ஸ் இன்டராக்டிவ் ஃபோட்டோபக்கெட்டை வாங்குவதாக அறிவித்தது.

பெரிய தளங்கள் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. எம்.ஐ.டி.யில் கணிதம் சொல்லிக்கொடுத்த டாம் லெய்ட்டனும் அவரிடம் படித்த டேனி லெவினும் 1998-இல் ஆகமாய் கம்பெனியைத் தொடங்கினார்கள். பக்கம் வாடிக்கையாளரின் சர்வரிலேயே இருக்கும். அதில் இருக்கும் பட முகவரிகளை மட்டும் ஆகமாயின் பெயருக்கு மாற்றி எழுதிவிடுவார்கள். படத்தின் நகல்கள் உலகெங்கும் இருக்கும் அவர்களின் சர்வர்களில் கிடக்கும், கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து போகும். யாஹூ மாதிரித் தளங்கள் இதில் ஆரம்பகால வாடிக்கையாளர்கள். லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்தில் இருந்தார். அவருக்கு வயது 31. ஆகமாயில் இருந்தது நகல்தான், மூலப்படம் வாடிக்கையாளரிடமே இருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். ஒப்பந்தம் முடிந்தால் முகவரியைத் திருப்பி எழுதினால் போதும்.

மூன்றாவது காரணம்தான் எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்களைத் தொட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் அந்தக் கஷ்டத்தைப் பார்த்ததே இல்லை.

ஒரு சமூகத்தாருக்கான திருமணத் தகவல் தளம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பதிவிலும் மூன்று படம்: பாஸ்போர்ட் அளவு, முழு உருவம், ஸ்கேன் செய்த ஜாதகக் கட்டம். தை பிறந்தால் கூட்டம் தாங்காது. ஒரு சர்வர் திணறியதால் இரண்டாவதை வாங்கி, முன்னால் ஒரு லோடு பேலன்சரை வைத்தோம். வருகிறவரை அது ஒருமுறை முதல் சர்வருக்கும் மறுமுறை இரண்டாவதுக்கும் அனுப்பும். இப்போது யோசித்துப் பாருங்கள். பெண்ணின் அப்பா படம் ஏற்றுகிறார், அது முதல் சர்வரின் வட்டில் விழுகிறது. பக்கத்தைத் திரும்பத் திறக்கிறார், இந்தமுறை இரண்டாவது சர்வர் பதில் சொல்கிறது. அங்கே படம் இல்லை. மறுபடியும் ஏற்றுகிறார். ஒருமுறை தெரிகிறது, ஒருமுறை தெரியவில்லை. போன் வருகிறது: "உங்க சைட்டு எங்க பொண்ணு போட்டோவ மட்டும் ஏம்மா மறைக்குது?"

இதற்கு அன்று எல்லாரும் செய்த வைத்தியம் ஆர்சிங்க். சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வட்டுகளையும் ஒப்பிட்டு, இல்லாததை நகலெடுக்கும் கட்டளை. படம் சில ஆயிரமாக இருக்கும்வரை ஓடும். லட்சத்தைத் தாண்டினால் ஒப்பிடவே அரைமணி நேரம், அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். இல்லாவிட்டால் என்.எஃப்.எஸ். என்று இரண்டு சர்வருக்கும் பொதுவாக ஒரு வட்டு. அந்த வட்டு மயங்கினால் இரண்டு சர்வரும் சேர்ந்து மயங்கும். ஒருவர் பதிவை நீக்கினால் படத்தை இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும். ஒன்றில் நீக்கி மற்றதில் விட்டால், அடுத்த ஆர்சிங்க் அதைப் பழையபடி உயிர்ப்பித்துவிடும். கல்யாணம் முடிந்த பெண்ணின் படம் திரும்பத் தளத்தில் வந்து நின்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

லைவ்ஜர்னல் தளத்தை நடத்திய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் டாங்கா கம்பெனி இதே தொல்லைக்கு மொகைல்எஃப்எஸ் என்று ஒரு தீர்வை எழுதி இலவசமாகக் கொடுத்தது. சாதாரணக் கணினிகளில் இருக்கும் வட்டுகளைச் சேர்த்து, ஒவ்வொரு கோப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட கணினியில் வைத்து, எது எங்கே என்று தரவுத்தளத்தில் எழுதிவைக்கும் முறை. அழகான வேலை. ஆனால் அதை நிறுவிக் காவல் காக்க ஆள் வேண்டும், கணினி வேண்டும். எங்களிடம் இரண்டுமே இல்லை.

2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3-ஐத் திறந்தது. ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட், ஒரு ஜிபியை அனுப்ப 20 சென்ட். முன்பணம் கிடையாது, குறைந்தபட்சக் கட்டணம் கிடையாது. வாடகைச் சர்வரான இசி2 வந்ததே அதற்குப் பிறகு, ஆகஸ்டில்தான். இன்று கிளவுட் என்று நாம் சொல்லும் தொழிலில் முதலில் கடை விரித்த பெரிய சரக்குகளில் ஒன்று, கோப்பு வைக்கும் இடம். பார்த்தவுடன் எங்களுக்கு விநோதமாக இருந்தது, அதில் ஃபோல்டர் கிடையாது என்பது. பக்கெட் என்று ஒரு பெயர், அதற்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீளப் பெயர், அவ்வளவுதான். பெயருக்கு நடுவில் சாய்கோடு போட்டால் ஃபோல்டர்போல் தெரியும், ஆனால் அது வெறும் எழுத்து. ஒரு கோப்பின் நடுவில் ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாது, முழுக் கோப்பையும் திரும்ப ஏற்ற வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க அது உதவாது. ஆனால் ஒருமுறை ஏற்றி ஆயிரம் முறை பார்க்கும் படத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதை முதலில் பெரிய அளவில் நம்பியவர்களில் ஸ்மக்மக் என்ற புகைப்படத் தளம் நடத்திய டான் மெக்கஸ்கில் ஒருவர். அப்பாவும் மகனுமாகத் தொடங்கிய குடும்பக் கம்பெனி. வட்டு வாங்கி மாளவில்லை அவர்களுக்கு. வாடிக்கையாளர்களின் படங்களை எஸ்3-க்கு மாற்றியதில் எவ்வளவு மிச்சம் என்று 2006-இலேயே வெளிப்படையாகக் கணக்குப் போட்டு எழுதினார். புத்தகக் கடைக்காரனிடம் கல்யாண ஆல்பத்தைக் கொடுப்பதா என்று தயங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு தைரியம் கொடுத்தது. 2012 ஜூனில் எஸ்3-இல் இருந்த கோப்புகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது.

எல்லாரும் அந்தப் பக்கம் ஓடவில்லை. ஃபேஸ்புக் எதிர்த்திசையில் போனது. அவர்கள் 2010-இல் வெளியிட்ட ஹேஸ்டாக் ஆய்வுக் கட்டுரையை எங்கள் துறைக்கு வரும் யாரும் படிக்க வேண்டும். அப்போதே அவர்களிடம் 26,000 கோடிப் படக் கோப்புகள், 20 பெட்டாபைட்டுக்கு மேல். வாரத்துக்கு 100 கோடிப் புதுப்படம். புதுப்படங்களை ஆகமாய் போன்றவர்களின் நகல் சர்வர்கள் தாங்கிவிடும். தொல்லை பழைய படத்தில். மூன்று வருடத்துக்கு முந்தைய சுற்றுலா ஆல்பத்தை யாரோ ஒருவர் திடீரென்று திறப்பார், அதன் நகல் எங்கும் இருக்காது, வட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கோப்பு கிடந்ததால், ஒரு படத்தை எடுக்க வட்டு பத்துத் தடவைக்கு மேல் அலைய வேண்டியிருந்தது. படத்தைப் படிப்பதைவிட, படம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அத்தனை அலைச்சல். அவர்கள் செய்தது: லட்சக்கணக்கான படங்களை ஒரே ராட்சதக் கோப்பில் அடுத்தடுத்து எழுதி, எந்தப் படம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணையை நினைவகத்தில் வைத்துக்கொண்டார்கள். வட்டு ஒருமுறை அலைந்தால் போதும். எங்கள் ஆர்சிங்க் ஏன் மூச்சுத் திணறியது என்பது எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் சரியாக விளங்கியது.

நமக்கு ஃபேஸ்புக் அளவு கூட்டமும் இல்லை, ஆளும் இல்லை. எஸ்3-தான். ஆனால் 2006-இல் அது அமெரிக்காவில் மட்டும் இருந்தது. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பக்கத்தில் 30 புடவைப் படம் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் தாமதம். 2010-இல் சிங்கப்பூரில் கிடங்கு வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கடலடி கேபிள் ஓடுவதால், அது எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. 2013-இல் சென்னையிலேயே நகல் சர்வர் வைத்தார்கள், 2016 ஜூனில் மும்பைக் கிடங்கு திறந்தது. அதற்குள் 2015 டிசம்பர் வெள்ளம் வந்துபோனது. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்த ஒரு ஜவுளிக்கடை வாடிக்கையாளருக்கு அலுவலகத்தில் ஒரு கோப்பும் மிஞ்சவில்லை. தளத்தில் ஏற்றிய படங்கள் சிங்கப்பூரில் இருந்தன. புதுக் கணினி வாங்கி அங்கிருந்து இறக்கிக் கொடுத்தோம். அதுவரை மாதாமாதம் "இந்த டாலர் பில் எதுக்கும்மா" என்று கேட்டவர் அதன் பிறகு கேட்கவில்லை.

பாதுகாப்பும் ஒரு காரணம், அதைப் பலர் மறந்துவிட்டார்கள். பக்கமும் படமும் ஒரே சர்வரில் இருந்த காலத்தில், படம் ஏற்றும் வழிதான் திருடனுக்குத் திறந்த ஜன்னல். படம் என்று சொல்லி பிஹெச்பி நிரலை ஏற்றி, அதன் முகவரியைத் திறந்தால் சர்வர் அதை ஓட்டிவிடும். 2011 ஆகஸ்டில் வெளிப்பட்ட டிம்தம்ப் ஓட்டை இன்னும் வேடிக்கை. ஏராளமான வேர்ட்பிரஸ் அலங்காரங்களோடு வந்த, படத்தைச் சின்னதாக்கும் நிரல் அது. ஃப்ளிக்கர், பிளாக்கர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டும் படம் எடுக்கலாம் என்று பட்டியல் வைத்திருந்தது. ஆனால் முகவரியில் அந்தப் பெயர் எங்காவது வருகிறதா என்று மட்டும் பார்த்தது. பிளாக்கர் என்ற பெயரை முன்னால் ஒட்டவைத்து, பின்னால் தன் சொந்த டொமைனை எழுதியவன் உள்ளே வந்துவிட்டான். படத்தை வெளிக் கிடங்குக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும். அங்கே எதையும் ஓட்ட முடியாது, வைக்கவும் எடுக்கவும் மட்டும்தான் முடியும்.

அதற்குப் பதிலாக வேறு தொல்லை வந்தது. பக்கெட்டைப் பூட்டாமல் விடுவது. 2017 ஜூனில் அமெரிக்க வாக்காளர்கள் 19.8 கோடிப் பேரின் விவரம் பூட்டில்லாத எஸ்3 பக்கெட்டில் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்துதான் புதுப் பக்கெட்டுகள் தானாகவே பூட்டிய நிலையில் வருகின்றன. திருமணத் தளத்துக்கு இது பெரிய கேள்வி. பெண்ணின் படத்தை, அவர் சம்மதித்த வரன் வீட்டார் மட்டும் பார்க்க வேண்டும். பக்கெட்டை முழுக்கத் திறந்துவைத்தால், முகவரி கையில் கிடைத்த யாரும் என்றைக்கும் பார்க்கலாம், வாட்ஸ்அப்பில் சுற்றவிடலாம். ஆகவே பக்கெட்டைப் பூட்டிவிட்டு, சம்மதம் இருக்கும்போது மட்டும் கையெழுத்திட்ட தற்காலிக முகவரி ஒன்றைத் தருவோம். பத்து நிமிடத்தில் அது செல்லாது. திரையைப் படமெடுத்து அனுப்புபவரை இது தடுக்காது, அது தெரிந்ததுதான். ஆனால் கல்யாணம் நிச்சயமானதும் பதிவை நீக்கினால், எந்தப் பழைய முகவரியும் வேலை செய்யாது. ஆர்சிங்க் காலத்துத் தலைவலி அத்தோடு போனது.

2010 வாக்கில் இன்னொரு திருப்பம். ஹெரோக்கு போன்ற சேவைகள், நிரலைக் கொடுங்கள், சர்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றன. அங்கே வட்டு நிரந்தரம் இல்லை. நிரலைப் புதுப்பித்தால் அல்லது நாளுக்கு ஒருமுறை அது தானாகவே புதிதாகத் தொடங்கினால், ஏற்றிய படமெல்லாம் மாயம். அங்கே படம் ஏற்றும் தளம் செய்ய வேண்டுமானால் வெளிக் கிடங்கு கட்டாயம். என்னிடம் வரும் பிள்ளைகள் எஸ்3-ஐ இயற்கை விதிபோல் பேசுவது இந்தப் பள்ளியிலிருந்து வந்தது.

2017-இல் இரண்டு சம்பவங்கள். பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், பில் போடும் பகுதி மெதுவாக இருப்பதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் சில சர்வர்களை நிறுத்தும் கட்டளை கொடுத்தார். தட்டச்சில் ஒரு பிழை. நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் நின்றன. அப்போது சென்னையில் இரவு 11:07. முழுதாகத் திரும்பும்போது அதிகாலை 3:24. அதற்குள் அமெரிக்காவின் எத்தனையோ தளங்களில் படம் வரவில்லை. அமேசானின் சொந்த நிலவரப் பலகையையே திருத்த முடியவில்லை, ஏனென்றால் அதுவும் எஸ்3-ஐ நம்பியிருந்தது. பழுது பற்றி ட்விட்டரில் அறிவித்தார்கள். ஆனாலும் நாலேகால் மணி நேரத்தில் படங்கள் வந்துவிட்டன, ஒன்றும் அழியவில்லை. நாளிதழ்கள் இதைப் பற்றித்தான் பெரிதாக எழுதின.

என் கணக்கில் பெரிய விபத்து, நாலு மாதம் கழித்து நடந்தது. ஜூன் கடைசியில் ஃபோட்டோபக்கெட் விதிகளை மாற்றியது. வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருடத்துக்கு 399.99 டாலர். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்திலெல்லாம் ஒரு மீட்டர் படம் வந்து நின்றது. கார் பழுது பார்ப்பது எப்படி, தையல் வெட்டு எப்படி என்று பத்து வருடமாக மக்கள் படத்தோடு எழுதிவைத்த பாடங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் குருடாயின. ஒரு வட்டும் கெடவில்லை, ஒரு கேபிளும் அறுபடவில்லை. அடுத்த வருடம் விலையைக் குறைத்தார்கள், ஆனால் போனவர்கள் போய்விட்டார்கள். அதே குடும்பத்து டைனிபிக் 2019-இல் மூடப்பட்டது. இம்கர் 2023 ஏப்ரலில், பெயர் சொல்லாமல் ஏற்றிய பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது, 2025 செப்டம்பர் கடைசியில் பிரிட்டனுக்கு முழுதாகக் கதவை அடைத்தது. ஃப்ளிக்கரை ஸ்மக்மக் 2018-இல் வாங்கி, இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு வைத்தது. அது எனக்கு நியாயமாகவே பட்டது. வட்டு வாங்கி மாளாத கதையை நேரில் பட்டவர்கள் அவர்கள்.

இதெல்லாம் பார்த்துத்தான், முகவரி யார் பெயரில் என்று கேட்கும் பழக்கம் வந்தது. படம் எஸ்3-இல் இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் எழுதும் முகவரி வாடிக்கையாளரின் சொந்த டொமைனாக இருக்க வேண்டும். 'படம்' என்று ஒரு முன்பெயர், அதற்குப் பின் கடையின் டொமைன். டிஎன்எஸ்-இல் ஒரு வரி எழுதி அதை எஸ்3 பக்கம் திருப்பிவிடலாம். இதற்கு எஸ்3-இல் வழி இருந்தது, பக்கெட்டுக்கும் அதே பெயரை வைத்தால் போதும். ஆனால் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் கட்டாயமானபோது ஒரு சிக்கல். அமேசானின் சான்றிதழ், பக்கெட் பெயரில் புள்ளி இருந்தால் செல்லாது. டொமைன் பெயரில் புள்ளி இல்லாமல் எப்படி? ஆகவே நடுவில் கிளவுட்ஃப்ரண்ட் மாதிரி ஒரு நகல் சர்வர் சேவையை வைத்து, நம் பெயரில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு படி அதிகம். அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப்போய், அமேசானின் நீள முகவரியையே கட்டுரைக்குள் எழுதிவிட்டார்கள்.

அதன் விலை, இடம் மாறும்போது தெரியும். வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் பழைய முகவரியைத் தேடிப் புதிதை எழுதினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் சில அமைப்புகளை அது எழுத்தின் நீளத்தையும் எண்ணி முன்னால் எழுதிச் சேமிக்கிறது. முகவரி நாலு எழுத்து நீண்டால் எண்ணிக்கை பொருந்தாது, அந்த அமைப்பையே மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடும். எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றும் கருவிகள் இருக்கின்றன, அதைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

பணமும் உண்டு. மும்பைக் கிடங்கில் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்கப் பட்டியல் விலை 2.5 சென்ட், அதை வெளியே எடுக்கக் கிட்டத்தட்ட 11 சென்ட். உள்ளே வருவதற்குக் காசு கிடையாது. 2022-இல் கிளவுட்ஃப்ளேர் தன் ஆர்2 கிடங்கை, வெளியே எடுக்கக் கட்டணமே இல்லை என்று சொல்லித்தான் விற்க வந்தது. எஸ்3-க்கு எழுதிய நிரல் அதிலும் ஓடும். பேக்பிளேஸ், வசாபி, டிஜிட்டல்ஓஷன் எல்லாரும் அதே மொழியைத்தான் பேசுகிறார்கள். ஐரோப்பியச் சட்டத்தின் நெருக்கடி வந்த பிறகு 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும், ஒரேயடியாக வெளியேறுகிறவர்களுக்கு எடுத்துப்போகும் கட்டணம் வேண்டாம் என்றன. விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளரின் படங்களை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். முகவரி அவருடைய டொமைனில் இருந்தது. படங்கள் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகு டிஎன்எஸ்-இல் ஒரு வரியை மாற்றினோம், கட்டுரைகளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவருக்கு மாறியதே தெரியாது. பில்லில் கம்பெனி பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துத்தான் போன் செய்தார். இப்போது எனக்கு இருக்கும் ஒரே கவலை, அந்த டொமைனை ஆகஸ்டில் புதுப்பிக்க வேண்டும், அதற்கான நினைவூட்டு மின்னஞ்சல் அவருடைய மருமகன் எப்போதோ விட்டுவிட்ட ஒரு கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.